சேலைக் கணக்கில் கதிர்வீச்சு: ஆரணி, படவேடு நெசவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



பதினாறு வரிகள் கொண்ட ஒரு தாளைப் பற்றி எழுதுகிறேன். ஒரு பொருள் பிறந்ததிலிருந்து குப்பைக்குப் போகும்வரை மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன செய்தது என்று கணக்குப் பார்க்கும் முறை ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பரிந்துரைத்தது. 2021-இல் அதைத் திருத்தியது. வாழ்நாள் கணக்கு என்று சொல்லலாம். அந்தத் தாள் இந்தக் கணக்கின் முடிவுதான். அங்கே துணி விற்கிறவர்கள் இந்தக் கணக்கை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். திருப்பூர்ப் பனியன்காரர்களுக்கு இந்தச் சுற்றுச்சூழல் தாள்கள் பழகிப்போன தொல்லை. பட்டுக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. வெளிநாட்டுக்குச் சேலை போக வேண்டுமானால் வந்துதான் தீரும்.

அந்தப் பதினாறில் கரியமில வாயு உண்டு, தண்ணீர் உண்டு, நிலம் உண்டு. யாரும் எதிர்பார்க்காத ஒரு வரியும் உண்டு: அயனியாக்கும் கதிர்வீச்சு. அளவு, கிலோ பெக்கரல், யுரேனியம்-235 சமானம்.

இதைப் பார்த்ததும் நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "பட்டுக்கும் அணுவுக்கும் என்னய்யா சம்பந்தம், சைபர் போட்டு அனுப்பு" என்பார் ஒருவர். "நம்ம சேலையில கதிர்வீச்சுன்னு எழுதினா எவன் வாங்குவான்" என்று இன்னொருவர் பதறுவார். ரெண்டு பேரும் அவசரப்படுகிறார்கள். சேலையை முகர்ந்தாலும் அளந்தாலும் அதில் ஒன்றும் இல்லை. சேலை உருவான வழியெல்லாம் எங்கெங்கோ காற்றிலும் ஆற்றிலும் கலந்த கதிரியக்கத்தைத் தேடிப் பிடித்து, அந்தச் சேலையின் பேரில் பற்று எழுதுகிற வேலை இது.

வழியைப் பாருங்கள். நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சிட்லகட்டா, ராமநகரம் பக்கம். அங்கே கூடு அவிக்கவும் இழை எடுக்கவும் ஓடும் மின்சாரத்தில் கைகா அணுமின் நிலையத்தின் பங்கு உண்டு. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அந்தப் பக்கம்தான் காக்ரபார், 220 மெகாவாட் உலை இரண்டு, 700 மெகாவாட் உலை இரண்டு. மல்பெரிக்குப் போடும் டி.ஏ.பி. உரத்தின் பாஸ்பேட் பாறையில் யுரேனியமும் ரேடியமும் சிறிதளவு இருக்கின்றன. உரம் செய்த பிறகு மிஞ்சும் ஜிப்சத்தில் ரேடியம் தங்கிவிடுகிறது. இத்தனையும் நூல் நம் ஊருக்குள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்த கதை.

பிறகு நம் வீடு. கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். தார் சுற்றும் ராட்டைக்கு மோட்டார் வந்துவிட்டது. ஜக்கார்டு பெட்டியைத் தூக்குவதற்கும் பல வீடுகளில் மோட்டார்தான். முறுக்கு ஆலை முழுக்க மின்சாரம். தறிக்குழி மேலே பகலிலும் ஒரு விளக்கு எரிந்தால்தான் கோர்வைப் பக்கம் இழை தெரியும். கைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 ஆயிற்று. விசைத்தறிக்கு 750 யூனிட் 1,000 ஆயிற்று. மின்வாரியம் காசு கேட்காத அந்த யூனிட்டுகள் எல்லாம் இந்தத் தாளில் ஒன்றுவிடாமல் ஏறும்.

அந்த யூனிட் எங்கிருந்து வந்தது? சொல்ல முடியாது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. அதற்குப் பிறகு படவேட்டுக் கம்பியில் ஓடுவது நெய்வேலியா, கூடங்குளமா, கயத்தாற்றுக் காற்றாலையா என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. ஆகையால் கணக்குப் போடுகிறவர் ஒரு சராசரியை எடுப்பார். நாட்டுச் சராசரி எடுத்தால் அணுமின்சாரம் நூற்றுக்கு மூன்று பங்கு. தமிழ்நாட்டுச் சராசரி எடுத்தால் அதைவிடக் கூடும். கல்பாக்கமும் கூடங்குளமும் இங்கேதானே இருக்கின்றன. ஆக, தறியில் ஒரு மாற்றமும் இல்லாமல், சேலையில் ஓர் இழை கூடாமல் குறையாமல், எழுதுகிறவர் கை போன போக்கில் எண் மாறும். இந்த மடல் முழுக்க இதைத்தான் சொல்லப்போகிறேன்.

கல்பாக்கத்தைப் பற்றி நம் பக்கம் ஒரு பயம் உண்டு, அதையும் பேசிவிடலாம். நமக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தண்ணீரைக் கேட்டால், நம் தண்ணீர்தான் அங்கே போகிறது. செண்பகத்தோப்பிலிருந்து இறங்கும் கமண்டல நதி, நாகநதியோடு சேர்ந்து, செய்யாற்றில் விழுந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலைத் தொடுகிறது. நிலையத்துக்கு வேண்டிய நல்ல தண்ணீரையே பாலாற்றுப் படுகையில்தான் எடுக்கிறார்கள். அவர்கள் வெளியே விடும் நீர் போவது கடலுக்கு.

காற்றைக் கேட்டால், அந்த நிலையத்தின் இரண்டு உலைகளும், 1984-லும் 1986-லும் வணிக அளவில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியவை, பழைய வடிவமைப்பு. உலையைச் சுற்றியுள்ள இடைவெளியில் காற்று ஓடும். காற்றில் இருக்கும் ஆர்கான், நியூட்ரான் பட்டு ஆர்கான்-41 ஆகிறது. புகைபோக்கியில் முக்கியமாக வெளியேறுவது அதுவும், கனநீரில் பிறக்கும் டிரிட்டியமும். ஆர்கான்-41 இரண்டு மணி நேரம் ஆவதற்குள் பாதியாகிவிடும். கடற்காற்று அதைச் சுமந்துகொண்டு ஜவ்வாது மலையடிக்கு வருவதற்குள் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். டிரிட்டியத்துக்கு ஆயுள் அதிகம், பாதியாக 12 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் கடலில் கரைந்து பரவிவிடும். பொதுமக்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். மண்ணிலும் பாறையிலும் விண்ணிலும் இருந்து உலகத்தில் ஒவ்வொருவருக்கும் சராசரியாக வந்துகொண்டிருப்பது 2.4 மில்லிசீவர்ட். கல்பாக்கத்துக் கடற்கரை மணலிலேயே அங்கங்கே மோனசைட் திட்டுகள் இருக்கின்றன, உலை வருவதற்கு முன்பிருந்தே. நாம் வாழைக்காரர்களும்தான் என்பதால் ஒன்று: வாழைப்பழத்தில் பொட்டாசியம்-40 இருக்கிறது, அதுவும் கதிரியக்கப் பொருளே. உடம்பு வேண்டிய அளவு பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடுவதால் பழத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இப்படிச் சொல்வதால் கல்பாக்கத்தில் எல்லாம் சுகம் என்று நான் சான்றிதழ் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். 2003 ஜனவரியில் அங்கே எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு தொழிலாளர்கள் ஆண்டு வரம்பைத் தாண்டிய கதிர்வீச்சு வாங்கினார்கள். ஆனால் பாருங்கள், அப்படி ஒரு நாள் உங்கள் தாளில் ஏறவே ஏறாது. வாழ்நாள் கணக்கு, அன்றாடம் ஒழுங்காக நடக்கும்போது வெளியேறுவதை மட்டும் எழுதும். விபத்துக்கு அதில் இடமில்லை.

உண்மையில் எடை எங்கே இருக்கிறது என்றால், உலைக்கு முன்னால், சுரங்கத்தில். 2008-இல் வெளிநாட்டு யுரேனியம் வாங்க இந்தியாவுக்கு வழி திறந்தது. ஆனால் சர்வதேசக் கண்காணிப்பில் உள்ள உலைகளில்தான் அதை எரிக்கலாம். கல்பாக்கத்து இரண்டு உலைகளும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு உள்நாட்டுத் தாதுதான் கதி. ஜார்க்கண்டில் ஜாதுகுடாவும் அதைச் சுற்றியுள்ள சுரங்கங்களும், ஆந்திரத்தில் கடப்பை மாவட்டத்துத் தும்மலப்பள்ளியும்.

நம் நாட்டுத் தாது மெலிந்தது. ஜாதுகுடாவில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் சேறாகக் குட்டைக்குப் போகிறது. யுரேனியத்தை எடுத்துவிட்டோமே என்று நினைக்கக் கூடாது. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு அந்தச் சேற்றிலேயே நின்றுவிடுகிறது. ரேடியம்-226 பாதியாக 1,600 ஆண்டு. அதைப் பெற்றெடுக்கும் தோரியம்-230 பாதியாக 75,000 ஆண்டு. அத்தனை காலமும் குட்டையிலிருந்து ரேடான் வாயு கசிந்துகொண்டே இருக்கும். 2006 டிசம்பரில் ஜாதுகுடாவில் சேறு கொண்டுபோகும் குழாய் உடைந்து ஓடையில் கலந்தது. அங்கே குடியிருப்பவர்கள் சந்தால், ஹோ, முண்டா மக்கள். அவர்கள் பிள்ளைகளின் உடல்நிலையைப் பற்றிய வாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. சுரங்க நிறுவனம் தங்களால் இல்லை என்கிறது.

தும்மலப்பள்ளி நமக்கு இன்னும் பக்கம். புலிவெந்துலா வட்டாரம், நம்மைப் போலவே வாழைக்குப் பேர்போன பூமி. 2012-இல் ஆலை ஓடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் குட்டையை ஒட்டிய ஊர்க்காரர்கள், ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாகிவிட்டது, வாழை கருகுகிறது என்று முறையிட்டார்கள். விவகாரம் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வரை போனது. நிறுவனம் மறுக்கிறது. யார் சொல்வது சரி என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனக்குக் கவலை வேறு. நம் சேலைத் தாளில் அந்த வரி எழுதப்படும்போது, தும்மலப்பள்ளி வாழைத்தோப்பு அதில் இருக்கிறதா?

இருக்க வாய்ப்புக் குறைவு. எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் புரியும். முதலில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பெக்கரல் வெளியேறியது என்று எழுதுவார்கள். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். அது காற்றிலும் நீரிலும் எப்படிப் பரவும், மனிதர் மூச்சிலும் சோற்றிலும் எவ்வளவு சேரும், அதனால் எத்தனை பேருக்குப் புற்றுநோய், பரம்பரைக் கோளாறு வரக்கூடும் என்று அடுத்தடுத்துப் பெருக்குவார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர யுரேனியம்-235-ஐ ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள். வேறு சில முறைகளில் கோபால்ட்-60. இந்தப் பெருக்கல் எண்களை ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரிஷ்க்னெக்டும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய முறை இன்றும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட களம் பிரான்சு. பிரெஞ்சுச் சுரங்கம், பிரெஞ்சு உலை, ரோன் ஆறு, அதன் கரையில் வாழ்கிறவர்களின் உணவு.

நல்ல ஆய்வுதான், குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கையில் இருந்த விவரம் அது. ஆனால் கல்பாக்கம் ஆற்றங்கரையில் இல்லை, கடற்கரையில் இருக்கிறது. காக்ரபாரும் கைகாவும் ஆற்றுப் பக்கம் இருந்தாலும் அவை ரோன் அல்ல. ஜாதுகுடாவில் குட்டைக்கும் குடிசைக்கும் உள்ள நெருக்கம் பிரான்சில் கிடையாது. மூன்று வேளையும் அரிசி தின்று, கிணற்று நீரை அப்படியே குடித்து, வயலில் வெறுங்காலோடு நிற்கிறவன் அந்தப் பெருக்கலில் இல்லை. ஆரணிச் சேலைக்கு ரோன் நதிக்கரைக்காரரின் உடம்பை வைத்துக் கணக்கு எழுதி, ஐந்து தசம இடம் வரை துல்லியமாக அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்தத் தசமங்களைக் கண்டு யாரும் மயங்க வேண்டாம்.

இன்னொரு சூட்சுமம் காலம். கணக்குப் போடும் மென்பொருளில் ஒரு தேர்வு இருக்கும்: நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நீண்டகால உமிழ்வைச் சேர்ப்பதா, விடுவதா? சேர்த்தால் சேற்றுக் குட்டையின் ரேடான் பல்லாயிரம் ஆண்டுக்கும் எழுதப்படும், எண் ஏறும். விட்டால் ஒரு சொடுக்கில் பெரும்பகுதி காணாமல் போகும். அதே போல, உலையிலும் மறுசுத்திகரிப்பிலும் வெளியேறும் கார்பன்-14 பாதியாக 5,730 ஆண்டு பிடிக்கும். உலகம் முழுக்கக் காற்றோடு சுற்றி, செடிக்குள் புகுந்து, எல்லார் உடம்பிலும் துளித் துளியாகச் சேரும். ஒரு முறை 100 ஆண்டோடு கணக்கை மூடுகிறது, இன்னொன்று 1,00,000 ஆண்டு வரை இழுக்கிறது. இரண்டையும் அறிவியல் என்றுதான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எத்தனை தலைமுறைக்குப் பொறுப்பு என்பதை இயற்பியல் சொல்லாது. அதை ஆள்தான் தீர்மானிக்கிறார். அந்த ஆள் யார் என்று தாளில் இருக்காது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நூறு கோடி பேருக்கு ஆளுக்கு ஒரு துளியிலும் துளியாக வரும் கதிர்வீச்சைக் கூட்டி, அதிலிருந்து இத்தனை சாவு என்று எண்ணுவது சரியில்லை என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமே 2007-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் எச்சரித்திருக்கிறது. ஆகவே உங்கள் சேலையில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டு யாராவது "இத்தனை சேலைக்கு ஒரு நோயாளி" என்று கிளம்பினால் நம்பாதீர்கள். ஒரு வழியை இன்னொரு வழியோடு ஒப்பிடத்தான் அந்த எண் உதவும்.

ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். அணுக் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு 2016 அறிக்கையில் மின்சாரம் தயாரிக்கும் எல்லா முறைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது. 2010-ஆம் ஆண்டில் உலக மக்களுக்கு நிலக்கரி மின்சாரச் சுழற்சியால் சேர்ந்த மொத்தக் கதிர்வீச்சு 670 முதல் 1,400 மனித-சீவர்ட். அணுமின் சுழற்சியால் 130. நிலக்கரியிலும் யுரேனியம், தோரியம் உண்டு; கரி எரிந்து போனதும் அவை சாம்பலில் செறிவாக நிற்கும். உலகத்தில் நிலக்கரி மின்சாரம் அதிகம் என்பதைக் கழித்துவிட்டு யூனிட்டுக்கு யூனிட் பார்த்தாலும் நிலக்கரிப் பக்கம்தான் தாழ்கிறது. கார்பன்-14 போன்றவற்றை நூற்றாண்டுக் கணக்கில் நீட்டிக் கூட்டினால் அணுப் பக்கம் எடை கூடும். அது முன்பு சொன்ன காலப் பிரச்சினை. சூரிய மின்தகடும் தப்பவில்லை. கட்டுமானக் கட்டத்தில் தொழிலாளர் வாங்கும் கதிர்வீச்சு சூரிய மின்சாரத்தில்தான் அதிகம், அடுத்தது காற்றாலை என்கிறது அதே அறிக்கை. அவற்றுக்கு வேண்டிய அருமண் உலோகங்களைத் தோண்டும்போது நேர்வது அது. நம் மணவாளக்குறிச்சி மணலில் அருமண்ணும் தோரியமும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

ஆக, "எங்கள் சேலை அணு இல்லாத மின்சாரத்தில் நெய்தது" என்று எவராவது முத்திரை விற்க வந்தால், எண்ணூர்ச் சாம்பலை எந்த வரியில் எழுதினீர்கள் என்று கேளுங்கள். சாம்பல் செங்கல்லில் கட்டிய வீடு நம் தெருவிலேயே இருக்கிறது.

மீன், தவளை, மண்புழு, பட்டுப்புழு? அவற்றுக்கு அந்த வரியில் இடமே இல்லை. மனித நலம் என்றுதான் தலைப்பு. உயிரினங்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள், முறைகளும் முன்வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியப் பதினாறில் அது ஏறவில்லை. கடைசியில் பதினாறு வரியையும் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்கும்போது கதிர்வீச்சுக்குத் தருவது நூற்றுக்கு 5.01, காலநிலை மாற்றத்துக்கு 21.06. ஜாதுகுடாவும் தும்மலப்பள்ளியும் அந்த ஐந்துக்குள் எங்கோ சராசரியாகிக் கரைந்திருக்கும்.

நம் சேலையைப் பொறுத்தவரை இந்த வரி பெரிய வரியில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சாயத் தண்ணீரும், பசை எடுக்கக் காய்ச்சும் அடுப்பின் விறகும்தான் நம் ஊருக்குள்ளேயே நாம் பதில் சொல்ல வேண்டிய வரிகள். கதிர்வீச்சு வரியைப் பற்றி விவாதித்துக்கொண்டே சாயக் கால்வாயை மறந்துவிட்டால் அது நமக்கு நாமே செய்துகொள்ளும் மோசம்.

ஆனாலும் சைபர் போடாதீர்கள். சங்கமோ முதலாளியோ ஆலோசகரை அழைத்துவந்து தாள் எழுதும்போது, மின்சாரத்துக்கு எந்த ஆண்டின், எந்த ஊர்ச் சராசரியை எடுத்தார் என்று எழுதி வாங்குங்கள். நீண்டகால உமிழ்வைச் சேர்த்து ஓர் எண், விட்டு ஓர் எண், இரண்டையும் அச்சடிக்கச் சொல்லுங்கள். சுரங்கக் கட்டத்துக்கு எடுத்தது எந்த நாட்டுச் சுரங்கம் என்று கேளுங்கள். வேறு நாட்டுச் சுரங்கம் என்றால் அதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதட்டும், அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் வேண்டாம். நம் பிள்ளைகளில் இயற்பியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் கூட உட்கார வையுங்கள்.

கூடவே, உலையைப் பிரித்து அகற்றும் கட்டத்தையும் கேளுங்கள். ராஜஸ்தானின் முதல் உலை 2004-இல் நின்றது, இன்னும் முழுசாகப் பிரிக்கப்படவில்லை. கல்பாக்கத்து முதல் உலைக்கு 2024-இல் நாற்பது வயது முடிந்தது. மின்சாரம் தந்த ஓர் அணு உலையைக் கடைசித் திருகாணி வரை கழற்றி இடத்தைச் சுத்தமாக்கிக் காட்டிய அனுபவம் நம் நாட்டில் இன்றுவரை இல்லை. அப்படியிருக்க, அந்தக் கட்டத்துக்கு நேரே ஓர் எண் இருந்தால், எந்த உலையைப் பார்த்து எழுதியது என்று ஆலோசகர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தாளைத் திருப்பி அனுப்புங்கள். ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளிகள் முடிந்து தீபாவளிப் பாவு ஏறுவதற்குள் திருத்தி வாங்கிவிடலாம்.

இப்படிக்கு,
படவேட்டுக்காரன்